கழுத்து வளையம்

சலவை இயந்திரத்துக்குள் ஏதோ கடகடவென்று உருண்டபோது, மூத்தவர் பட்டறையில் சம்பந்தியின் தூண்டில் கழிக்கு அடிமூடி ஒட்டிக்கொண்டிருந்தார்.

அடிமூடி என்பது கழியின் பின்முனையில் வரும் ரப்பர் குமிழ். பெரிய மீன் இழுக்கும்போது வயிற்றில் ஊன்றிக்கொள்ள உதவும். சின்னச் சாமான்தான், ஆனால் பசை இறுகுவதற்குள் கோணிக்கொண்டால் ஆயுளுக்கும் கோணல். சம்பந்தியின் வயிறோ சபையில் அவருக்கு முன்னால் வந்து உட்காரும் வயிறு. அப்பேர்ப்பட்ட வயிற்றில் கோணல் குமிழ் ஊன்றினால் பெண்ணைக் கொடுத்த குடும்பத்துக்கு என்ன மரியாதை? மூத்தவர் குமிழை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் எப்போதும் நிமிர்ந்துதான் உட்காருவார். பட்டறையில் அவருக்கு இருந்தது சாய்மானம் இல்லாத முக்காலி. சாய்மானம் என்பது முதுகெலும்பு போதாதவர்களுக்காகத் தச்சர்கள் செய்த ஏற்பாடு என்பது அவருடைய முடிவு.

பின்கட்டிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"உங்க சட்டைப் பையில என்ன வச்சீங்க? மெஷின் பல்லைக் கடிக்குது."

"ஒண்ணும் வைக்கல."

"ஒண்ணும் இல்லாததா இப்படி உருளுது?"

பதில் சொல்ல வாயெடுத்த மூத்தவரின் பார்வை, கையில் இருந்த கழியின் அடியிலிருந்து தற்செயலாக மேலே ஏறியது. அடிமூடி, அதற்கு மேல் தக்கையில் கடைந்த கைப்பிடி, ரீல் பூட்டும் இடம், அதற்கும் மேல் மறுபடியும் கொஞ்சம் தக்கை. அது முடியும் இடத்தில் வந்து பார்வை நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது. பசை இறுகிக்கொண்டிருந்ததால் கை மட்டும் விடவில்லை.

கழுத்தில் வளையம் இல்லை.

கைப்பிடித் தக்கை பருமனாக வந்து முடிகிற இடத்தில்தான் மெல்லிய கழி வெளியே கிளம்புகிறது. அங்கே ஒரு படி விழும். தக்கையின் அறுத்த முகமும் அதன் துளையைச் சுற்றிய இடைவெளியும், பல் கட்டாத வாய் மாதிரி அப்படியே தெரியும். அதை மறைப்பதற்கு ஒரு சிறிய பித்தளை வளையம் உண்டு. அதுதான் கழுத்து வளையம். கழி முழுக்க எவ்வளவு அழகாகக் கட்டினாலும், வாங்குகிறவன் கண் முதலில் போகிற இடம் அதுதான். அதில் ஒரே ஒரு சங்கடம். அந்த வளையத்தைக் கழியின் ஒல்லியான நுனிவழியாக மாட்டித்தான் கீழே இறக்க முடியும். அதனால் வேறெதையும் கட்டுவதற்கு முன் அது இறங்கியிருக்க வேண்டும். தூண்டில் நரம்பு ஓடுவதற்கான கைடுகள் என்ற கம்பிக் கண்களை ஒவ்வொன்றாக நூல் சுற்றிக் கட்டி, வார்னிஷ் பூசி, நுனிக் கைடையும் ஒட்டிய பிறகு வளையத்துக்கு வழி அடைந்துபோகும். மறந்தவன் அத்தனையையும் அறுத்தெறிந்துவிட்டு வெறுங்கழியிலிருந்து தொடங்க வேண்டும். நாள்கணக்கில் ஆகிற வேலை.

சம்பந்தி நாளை மதியம் வருகிறார்.

"மெஷினை நிறுத்து," என்றார் மூத்தவர், பசை இறுகிய பிறகு. அவர் பின்கட்டுக்குப் போன வேகத்தைக் கௌரவமான வேகம் என்று சொல்ல முடியாது. நுரைக்குள் முழங்கை வரை விட்டுத் துழாவினார். தன்னுடைய சாம்பல் நிறச் சட்டையை இழுத்து, அதற்கடியில் கிடந்ததை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டார்.

"என்னது, காட்டுங்க."

"பட்டன்."

"பளபளங்குது?"

"பித்தளைப் பட்டன்."

மனைவி இடுப்பில் கைவைத்து அவரை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தப் படையில சேந்தீங்க?"

மூத்தவர் பட்டறைக்கு நடந்தார். போகும்போது சொட்டிய நுரையை அவள் பார்க்கவில்லை என்று எண்ணிக்கொண்டார். அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

இந்தத் தவறு இதற்கு முன் இந்தப் பட்டறையில் ஒரே ஒரு முறை நடந்திருக்கிறது. செய்தவர் மூத்தவரின் மச்சான், மனைவியின் தம்பி. வேலைக்கு வந்த புதிதில் ஒரு கழியை முழுக்கக் கட்டி, வார்னிஷ் பூசி, துடைத்து, கையில் ஏந்திக்கொண்டு வந்து நீட்டினார். வளையம் அவருடைய மேசை ஓரத்தில் தேநீர் டம்ளருக்குப் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கு மூத்தவர் அவரை அடிக்கவில்லை, வெளியே போகச் சொல்லவும் இல்லை. ஒரு பெயர் வைத்தார். வளையம். அடித்திருந்தால் ஒரு வாரத்தில் ஆறியிருக்கும். பெயர் வீட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது, தெருவைத் தாண்டிச் சந்தைக்குப் போனது. பார்சல் கொண்டுவருகிற ஆள் வாசலில் நின்று "வளையம் சார்" என்று மரியாதையாகவே கூப்பிட்டான். மச்சானுக்குக் கல்யாணமாகி மகள் பிறந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் யோசிக்காமல் குழந்தையை வளையல் என்றார்கள். அவருடைய சொந்தப் பெயர் இன்றைக்குப் பல்மருத்துவரின் அட்டையில் மட்டும்தான் மிச்சம்.

அத்தோடு மூத்தவர் விடவில்லை. அந்தக் கழுத்தில்லாத கழியைப் பட்டறைச் சுவரில், எல்லோருக்கும் தெரிகிற உயரத்தில் இரண்டு ஆணியடித்து மாட்டினார். அதோடு ஒரு சட்டமும் கொண்டுவந்தார். யார் எந்தக் கழியில் முதல் கைடைக் கட்ட உட்கார்ந்தாலும், பக்கத்தில் இருப்பவர் "கழுத்து போட்டாச்சா?" என்று உரக்கக் கேட்க வேண்டும். கட்டுகிறவர் வளையத்தைத் தொட்டுப் பார்த்து "போட்டாச்சு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மருமகள், மகன், கூலிக்குக் கட்ட வருகிறவர்கள் எல்லோருக்கும் இதே சட்டம். மூத்தவருக்கு மட்டும் கிடையாது. சட்டம் போட்டவரைச் சட்டம் கேட்பதா?

ஆனால் சம்பந்தியின் கழிக்கு முதல் கைடைக் கட்ட அவர் உட்கார்ந்த அன்று, எதிர் மேசையிலிருந்து வளையம் கேட்டுவிட்டார். பழக்கதோஷம்.

"அத்தான், கழுத்து போட்டாச்சா?"

அப்போது பித்தளை வளையம் மூத்தவரின் விரல்களுக்கு இடையில்தான் இருந்தது. மாட்டப் போகிற நேரம். அவருக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரைப் பாத்து என்ன கேள்வி கேக்குற?"

இந்தக் கேள்வியை விரலை நீட்டாமல் கேட்க முடியாது. விரலை நீட்டுவதற்குக் கை காலியாக இருக்க வேண்டும். வளையம் சட்டைப் பைக்குப் போனது.

"கழுத்துன்னா என்னன்னு இந்த ஊருக்கே காட்டினது எங்க தாத்தா. நீ எனக்குக் கழுத்து சொல்லித் தர்றியா? உன் வேலையப் பாரு."

பிறகு தாத்தாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொன்னார். தாத்தாவைப் பற்றிப் பேசினால் அவருக்குக் கைவேலை நன்றாக ஓடும். அந்த ஓட்டத்திலேயே முதல் கைடு, இரண்டாவது கைடு என்று மளமளவென்று கட்டிவிட்டார். வேலை அபாரமாக வந்திருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

*

மூத்தவர் பட்டறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். துருவேறிய தாழ் கிறீச்சிட்டது.

மூடிய கதவுக்குப் பின்னால் நின்று, இருக்கிற வழிகளை யோசித்தார். கைடுகளை அறுத்து முதலிலிருந்து தொடங்க நேரம் இல்லை. கழி இன்னும் தயாராகவில்லை என்று சம்பந்திக்குத் தகவல் சொல்லலாம். ஆனால் நிச்சயதார்த்தத்தன்று நாலு பேர் முன்னால், எங்கள் வீட்டுக் கழியில் நகம் நுழைகிற இடம் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்று சொன்னவர் அவர். சம்பந்தி ரயில் பாதை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பழகிய கை. அன்றைக்கே கட்டைவிரல் நகத்தை ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

வளையத்தை ரம்பத்தால் ஓரிடத்தில் அறுத்து, விரித்து மாட்டி, ஒட்டுப் போடலாம். சந்தையில் கூறுகட்டி விற்கிற கழிகளில் அப்படித்தான் செய்கிறார்கள். மூத்தவர் ரம்பத்தைக் கையில்கூட எடுத்தார். அறுத்த வளையத்தை மாட்டிய கழியை வேறொருவர் அவரிடம் பழுதுபார்க்கக் கொண்டுவந்தபோது, அதைக் குச்சியால் தொட்டுத் திருப்பிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. ரம்பத்தை இருந்த இடத்திலேயே வைத்தார்.

உண்மையில் அவருக்குச் சம்பந்திமேல் அவ்வளவு பயம் இல்லை. சம்பந்தி கோபித்துக்கொண்டால் சாப்பாட்டுக்கு உட்காரும்போது சரியாகிவிடுவார், அந்த வயிறு அதிக நேரம் கோபம் தாங்காது. பயம் அந்தப் பெயர்மேல்தான். வளையம் என்பது இத்தனை காலம் ஒரே ஆளுக்கு இருந்த பட்டம். மறந்தவனுக்கு அந்தப் பட்டம் என்று விதி வகுத்ததே அவர். விஷயம் வெளியே வந்தால் மச்சான் எழுந்துகொள்வார், மூத்தவர் போய் அந்த இடத்தில் உட்கார வேண்டும். பார்சல்காரன் வாசலில் நின்று கூப்பிடுவான். அவன் குரலில் மரியாதைக்குக் குறைவே இருக்காது. அதுதான் தாங்காது.

சுவரில் தொங்கிய கழுத்தில்லாத கழியைப் பார்த்தார். அது அவரைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

கடைசியில் நூல்கண்டை எடுத்தார். தடித்த, கரும்பச்சை நூல். தக்கை முகத்தின் இடைவெளியில் பசையை ஊற்றி மட்டப்படுத்தினார். அதை ஒட்டிக் கழியின்மேல் நூலைச் சுற்றத் தொடங்கினார். ஒரு அடுக்கு, அதன்மேல் கொஞ்சம் குறுகலாக இன்னொரு அடுக்கு, அதன்மேலும் ஒன்று. தக்கைப் பக்கம் உயர்ந்து, கழிப்பக்கம் சரிந்து, நூலாலேயே ஒரு சிறிய குன்று எழும்பியது. நூல் சுற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. இது பெருமைக்குச் சொல்வதல்ல என்று அவரே அடிக்கடி சொல்வார். குன்றின் உச்சியில் தங்க நிற நூலால் இரண்டு சுற்றுக் கோடு போட்டபோது, கையில் இருப்பது தவறு என்பதே அவருக்கு மறந்துபோனது. பித்தளையைவிட நன்றாக இருந்தது.

இனி முள்மாட்டி. தூண்டில் முள்ளைத் தொங்கவிட்டுக்கொள்வதற்கான கம்பிக் கொக்கி. தீக்குச்சித் தலையளவுகூட இராது. அதன் இரண்டு கால்களையும் அரத்தால் தேய்த்து மெலிய வைத்து, புதுக் கழுத்துக்கு முன்னால் கழியோடு சேர்த்துப் பிடித்து நூல் ஓட்டினார். அப்போது கதவு தட்டப்பட்டது.

"அத்தான், நம்ம கதவுக்குத் தாழ் இருக்குறதே இன்னிக்குத்தான் தெரியுது."

திறக்காமல் இருந்தால் அதுவே வாக்குமூலம் ஆகிவிடும். மூத்தவர் ஒரு கையால் நூலை இழுத்துப் பிடித்தபடி மறுகையால் தாழை நீக்கினார். வளையம் உள்ளே வந்தார். நிதானமான ஆள். மாடிப்படி ஏறும்போதுகூட ஒவ்வொரு படியையும் விசாரித்துவிட்டு ஏறுவது போல் ஏறுவார்.

"என்ன கட்டுறீங்க?"

"முள்மாட்டி."

"அதுக்கு இவ்வளவு நூலா?"

வளையம் கிட்டே வந்து குனிந்தார். புதுக் கழுத்தைப் பார்த்தார். நிமிர்ந்து சுவரில் தொங்கிய தன் கழியைப் பார்த்தார். மறுபடி குனிந்து பார்த்தார். மூத்தவர் சிரிப்புக்காகக் காத்திருந்தார். இத்தனை காலம் சேர்த்துவைத்த சிரிப்பு, சன்னல் கண்ணாடி தாங்குமா என்று தெரியவில்லை.

"முள்மாட்டி வலது பக்கம் வருது," என்றார் வளையம்.

"எப்பவும் வர்ற பக்கம்தான்."

"சம்பந்தி இடதுகை. கல்யாணத்துல கையெழுத்துப் போடும்போது பாத்தேன். இந்தப் பக்கம் வச்சா ஒவ்வொரு தடவையும் முள்ளு அவர் கையிலதான் மாட்டும்."

மூத்தவர் நூலை அவிழ்த்தார். கொக்கியை மறுபக்கம் திருப்பி வைத்தார். கொக்கி நழுவி விழுந்தது. வளையம் தரையிலிருந்து அதை எடுத்து, ஊதித் துடைத்து, இருக்க வேண்டிய இடத்தில் நகத்தால் அழுத்திப் பிடித்தார்.

"நூலை நான் இழுத்துப் பிடிக்கட்டா?"

"பிடி."

ஒருவர் பிடிக்க ஒருவர் சுற்றினார்கள்.

"அன்னிக்கு நான் கேட்டேன்," என்றார் வளையம்.

"கேட்ட."

"பதிலும் வந்துச்சு."

"வந்துச்சு."

"உங்க தாத்தாவைப் பத்தி."

மூத்தவர் நூலைக் கழுத்தோரம் நெருக்கிவிட்டார். "நான் பையில போட்டதைப் பாத்தியா?"

"பாத்தேன்."

"சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"உன் வேலையப் பாருன்னீங்க. பாத்தேன். என் வேலையெல்லாம் சுத்தமா முடிஞ்சிருச்சு அத்தான், மேசை காலியா இருக்கு பாருங்க."

மூத்தவர் முடிச்சுப் போட்டு, நூலை வெட்டினார். விரைவில் இறுகும் பசையைக் குழைத்துத் தூரிகையால் கழுத்தின்மேலும் கொக்கியின் கால்கள்மேலும் பூசினார். கழியைச் சுழல்மோட்டாரில் ஏற்றினார். பசை வழியாமல் இறுகுவதற்காகக் கழி அதன் பாட்டுக்குச் சுழலத் தொடங்கியது. ஒவ்வொரு சுற்றுக்கும் தங்கக் கோடு ஒரு தரம் மின்னியது.

"இது ஒரு புது மாதிரி," என்றார் மூத்தவர், சுவரைப் பார்த்து.

"ஆமா."

"வேணும்னே பண்ணது."

"தெரியுது அத்தான்." வளையம் கதவருகில் போய்த் திரும்பினார். "நானும் அன்னிக்கு வேணும்னேதான் பண்ணேன். யாரும் கேக்கல."

*

மறுநாள் மதியம் சம்பந்தி வந்தார். முதலில் வயிறு, பிறகு அவர், பிறகு மூத்தவரின் மகள். மருமகனுக்கு அலுவலக வேலை, வரவில்லை. சாப்பாட்டுக்கு முன்னாலேயே கழியைப் பார்த்துவிட வேண்டும் என்று சம்பந்தி நேராகப் பட்டறைக்குள் போனார். எல்லோரும் பின்னால் போனார்கள். மூத்தவரின் மனைவி தட்டில் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்தாள். வளையம் தன் மேசையில் இல்லாத வேலையைச் செய்துகொண்டிருந்தார்.

சம்பந்தி கழியை வாங்கி முதலில் தட்டிப் பார்த்தார். விரல் முட்டியால் அடியிலிருந்து நுனிவரை டொக்கு டொக்கென்று தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். அடிமூடியை வயிற்றில் ஊன்றி இரண்டு தரம் வீசினார். குமிழ் கச்சிதமாகப் பொருந்தியது. இடது கையால் பிடித்து, முள்மாட்டியை விரலால் தடவி, தலையை ஆட்டினார். அதன்பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார். வளையம் தன் மேசையில் லேசாக இருமினார்.

"கழுத்துல வளையத்தைக் காணோமே சம்பந்தி?"

மூத்தவர் முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்தினார். அதற்குமேல் நிமிர்ந்தால் பின்னால் சாய வேண்டியிருக்கும்.

"எங்க வீட்டு முறைங்க. சம்பந்திமாருக்குன்னு கட்டுற கழியில கழுத்துல உலோகம் போடறதில்ல. விடியக்காலையில ஈரத்துல கை பட்டா சுருக்குங்கும். நூல்னா இதமா இருக்கும்."

"அப்படி ஒரு முறை எனக்குத் தெரியாதேப்பா?" என்றாள் மகள். "கழுத்து போட்டாச்சான்னு கேக்காம இந்த வீட்டுல யாரும் மூச்சே விட மாட்டீங்களே?"

அம்மா அவள் வாய்க்குள் ஒரு பிஸ்கட்டை வைத்தாள். "சாப்பிடு. வெயில்ல வந்திருக்க."

சம்பந்தி கட்டைவிரல் நகத்தைக் கழுத்தின்மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். எங்கும் நுழையவில்லை. தங்கக் கோட்டைக் கண்ணாடியில் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார். அவர் உதட்டைப் பிதுக்கினால் திருப்தி என்று அர்த்தம், இதை மகள் ஏற்கெனவே தாய்வீட்டில் சொல்லியிருந்தாள். மூத்தவர் மூச்சை விட்டார். விட்ட மூச்சு முழுசாக வெளியே வருவதற்குள் சம்பந்தி சுவர்ப்பக்கம் திரும்பினார்.

"அதோ, அதுலயும் வளையம் இல்லையே. பழசு மாதிரி தெரியுது."

வருஷக்கணக்காகத் தொங்கியதால் அந்தக் கழி மூத்தவரின் கண்ணுக்குக் காலண்டர் மாதிரி ஆகியிருந்தது. அதைக் கழற்றி உள்ளே வைக்க வேண்டும் என்று நேற்றிலிருந்து ஒரு தரம்கூடத் தோன்றவில்லை.

சம்பந்தி அதன் அருகே போய் அண்ணாந்து பார்த்தார். "இதுல நூல்கூட இல்ல. பள்ளம் அப்படியே இருக்கு. இதை ஏன் மாட்டி வச்சிருக்கீங்க? யாரு கட்டினது?"

மனைவி தட்டை மேசையில் வைத்தாள். மகள் பிஸ்கட்டை மெல்வதை நிறுத்தினாள். வளையம் தலையைத் தூக்கவில்லை. ஆனால் கை நின்றுவிட்டது.

மூத்தவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அது ஒரு தவறு என்று சொன்னால், கையில் இருப்பதும் அதே தவறு, மேலே நூல் சுற்றியிருக்கிறது, அவ்வளவுதான். அதை முறை என்று சொன்னால், முறைக்கு ஒரு மூலவர் வேண்டும். தாத்தாவைச் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. ஆனால் தாத்தா காலத்துக் கழி அத்தனையிலும் வளையம் இருப்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். வாழ்நாளில் முதல்முறையாகத் தாத்தா உதவிக்கு வரவில்லை.

"அதுதாங்க இந்த முறைக்கே மூலம்," என்றார். குரலைக் கொஞ்சம் சரிசெய்துகொண்டார். "கட்டினவர் என் மச்சான். வளையம் இல்லாம கட்டலாம்னு முதல்ல செஞ்சு காட்டினவர் அவர்தான். அதை மதிச்சு சுவர்ல மாட்டினது நான்."

மச்சானை அவர் 'அவர்' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மகளுக்குப் பிஸ்கட் தொண்டையில் சிக்கியது. அம்மா அவள் முதுகைத் தட்டினாள். தட்டலில் தேவைக்கு அதிகமான வேகம் இருந்தது. சிரிப்பை அடக்குவதற்கு அவளுக்கும் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது.

சம்பந்தி வளையத்திடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். "புதுசா ஒண்ணை யோசிக்கிறதுக்குத் தனி மூளை வேணும். உங்க பேரு என்னங்க?"

வளையம் வாயைத் திறந்தார். சொல்லிப் பழக்கம் விட்டுப்போனதால் சட்டென்று வரவில்லை. அதற்குள் வாசலில் பார்சல்காரன் வண்டியை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"வளையம் சார்..."

"இந்தா வர்றேன்," என்றார் வளையம், பழக்கத்தில்.

சம்பந்தி புருவத்தைத் தூக்கினார். "வளையமே இல்லாம கட்டினவருக்கு வளையம்னு பேரா?"

"மரியாதைக்கு வச்சதுங்க," என்றார் மூத்தவர்.

"வச்சது யாரு?"

"நான்தான்."

"நல்ல மனசு சம்பந்தி உங்களுக்கு. சொந்த மச்சானுக்கு இப்படிப் பேர் வாங்கிக் குடுக்குற ஆளுங்களை நான் பாத்ததில்ல." சம்பந்தி சுவர்க்கழியை மறுபடி அண்ணாந்து பார்த்தார். "எனக்கு ஒரு ஆசை. புதுசு இருக்கட்டும், இந்த மூலக் கழியையும் சேத்துக் குடுத்துடுங்களேன்."

மூத்தவருக்கு உள்ளுக்குள் ஒரு கதவு திறந்தது. போகட்டும், சனியன் தொலையட்டும். எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லக் கையைக்கூட நீட்டினார்.

"மன்னிக்கணுங்க," என்றார் வளையம், பார்சலைக் கையில் வாங்கியபடி வாசலிலிருந்து. "அதை மட்டும் கேக்காதீங்க. அத்தான் தினமும் அதைப் பாத்துட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பாரு. அது இல்லாம அவருக்கு ஓடாது."

சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. சாப்பாட்டின்போது இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டே, தன்னோடு வேலைபார்த்து ஓய்வுபெற்ற நண்பர்கள் எல்லோருக்கும் இதே மாதிரி ஆளுக்கொரு கழி வேண்டும் என்றார். பித்தளை கூடாது. நூல் கழுத்து. தங்கக் கோடு.

"தாராளமா," என்றார் வளையம். "அத்தானே கட்டுவாரு. நான் யோசனை மட்டும்தான்."

*

விருந்தாளிகள் போன பிறகு சாயங்காலம் பட்டறை பழையபடி ஆனது. மூத்தவர் முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, புதிதாக வந்த வெறுங்கழியைக் கையில் எடுத்துப் பார்த்தார். நூல் கழுத்து ஒன்றைச் சுற்றுவதற்குப் பித்தளையைவிடப் பத்து மடங்கு நேரம் பிடிக்கும். அதைச் சுற்றத் தெரிந்தவர் வீட்டில் ஒருவர்தான். எதிரில் வளையம் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, கொக்கிகளை ஒரு டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஊருக்கு என்ன தெரியும்?" என்றார் மூத்தவர், கழியைப் பார்த்தபடி.

"ஒண்ணும் தெரியாது அத்தான்."

"இனிமே?"

"நீங்க சொன்னதுதான் தெரியும். நான் எதுக்கு மாத்திச் சொல்றேன்? எனக்கு நல்லாத்தானே இருக்கு."

மூத்தவர் தலையாட்டினார். குடும்ப மானம் பிழைத்துவிட்டது. அதில் தன் பங்கு எவ்வளவு, மச்சானின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவர் விரும்பவில்லை.

மனைவி உள்ளே வந்தாள். கையில் ஒரே ஒரு தேநீர்க் கோப்பை. அடியில் இருந்த தட்டில், சர்க்கரைக்குப் பக்கத்தில், பித்தளை வளையம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. நேற்று நுரையிலிருந்து எடுத்ததை மூத்தவர் அவசரத்தில் மறுபடியும் சட்டைப் பையிலேயே போட்டிருந்தார்.

"வெள்ளைச் சட்டையிலயும் அந்தப் பட்டன் இருந்துச்சு," என்றாள். "இனிமே பையைத் தடவிப் பாக்காம துவைக்கிறதில்ல." கோப்பையை இரண்டு மேசைகளுக்கும் நடுவில் இருந்த பலகையில் வைத்தாள். யாரையும் பார்க்கவில்லை. "வளையம், டீ ஆறுது."

போய்விட்டாள்.

வளையம் கையை நீட்டவில்லை. கொக்கிகளைப் பிரிப்பதில் மும்முரமாக இருந்தார். ஒரு கொக்கியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், வைத்தார், அடுத்ததை எடுத்தார். மூத்தவர் காத்திருந்தார். தேநீரின் மேல் ஆடை கட்டத் தொடங்கியது. தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துப் போனார்கள்.

"அக்கா உங்களைத்தான் கூப்பிட்டாங்க," என்றார் வளையம், டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மூத்தவர் எழுந்தார். முதுகு நிமிர்ந்தபடியே இருந்தது. பலகைவரை நடந்து போய், கோப்பையைக் கையில் எடுத்து, நின்றபடியே ஒரு மிடறு குடித்தார். பிறகு தட்டிலிருந்த வளையத்தை எடுத்து, வெறுங்கழியின் நுனிவழியாக மாட்டி, கீழே இறக்கினார். சம்பந்தியின் நண்பர்களுக்கு வேண்டாம் என்றாலும் மற்றவர்களுக்கு வேண்டுமே.

"கேளு," என்றார்.

"என்ன கேக்கணும்?"

"எப்பவும் கேக்குறதை."

வளையம் டப்பாவை மூடினார். "கழுத்து போட்டாச்சா அத்தான்?"

மூத்தவர் வளையத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"போட்டாச்சு," என்றார், பின்கட்டுக்குக் கேட்கிற அளவுக்கு உரக்க.